பூஜ்ய மணி

நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
உருளைக்கிழங்கு வேகுமுன்
ஒரு சண்டை போட்டு சமாதானமும் ஆகிவிடலாம்.
'ஹாச்சகலா நகராட்சி' என்கிறது பலகை.
நகரம் இல்லை, ஆட்சியும் அவ்வளவாக இல்லை.
ஒரு டிராக்டர், ஒரு முத்திரை,
முத்திரைக்குக் காவலாக நான்.

தலைக்கு இவ்வளவு என்று
லா பாஸிலிருந்து பணம் வரும்.
எப்போதாவது ஒருநாள் தலை எண்ணுவார்கள்.
அந்த ஒரு நாளுக்காக
எல் ஆல்டோவிலிருந்து ஒன்பது பஸ்.
புவனோஸ் ஐரஸ் தையல்கூடங்களிலிருந்து
மூன்று ராத்திரி உட்கார்ந்தே வந்து
வீங்கிய கால்களோடு இறங்கினார்கள்.
துருப்பிடித்த பூட்டுகளுக்குச்
சமையல் எண்ணெய் விட்டார்கள்.
நேற்று இருநூற்றுப் பதினோரு பேர்,
இன்று ஆயிரத்து எழுநூறு.
யாரைப் பார்த்துக் குரைப்பதென்று
நாய்களுக்கே குழப்பம்.

மேயர் ஃபெர்மின் சிபானா ஒலிபெருக்கியில் சொன்னார்:
"வராதவன் நிலம் பொதுவுக்கு.
வந்தவனுக்குச் சூன்யோ சூப்."

விதி இதுதான்.
நள்ளிரவு பூஜ்ய மணிக்கு
இந்தக் கூரையின் கீழ் உயிரோடு இருந்தவர்
எண்ணப்படுவார்.
விடிந்தபின் நாள் முழுக்க
ஒருவரும் வாசல் தாண்டக் கூடாது.
எனக்கு மட்டும் பச்சை அட்டை, பென்சில்.

"நேற்றிரவு இங்கே எத்தனை பேர் தூங்கினார்கள்?"
"படுத்தது ஏழு" என்றாள் பிரிமித்திவா அலனோகா.
"தூங்கியது நான் ஒருத்தி.
மகன் விடியவிடியக் கூரைமேல்
சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்."
ஏழு என்று எழுதினேன்.

மேல்மேட்டில் கடைசி வீடு
டெல்ஃபின் யுஹ்ராவுடையது.
எங்கும் போகாததால்
எங்கிருந்தும் வர வேண்டியிராத மனிதர்.
கதவு திறந்து கிடந்தது.
"மூன்று மணிக்குப் போய்விட்டார்"
என்றாள் மருமகள் சாட்டுர்னினா.
போர்வைக்கு வெளியே
டயர்ச் செருப்பு போட்ட பாதங்கள்.
என்ன செய்வதென்று தெரியாமல்
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
"பூஜ்ய மணிக்கு…?"
"இருந்தார்.
ஒரு மணிக்குக்கூட
உங்கள் நகராட்சியைத் திட்டினார்."

எண்ணினால், எல்லாக் கேள்வியும் கேட்டாக வேண்டும்.
எழுதப் படிக்கத் தெரியுமா?
அதை அவளிடம் கேட்கவில்லை.
பதினான்கு மனுக்கள், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து,
'மேல்மேட்டுக்கு ஒரு குழாய்.'
என் மேஜையின் மூன்றாம் இழுப்பறை
அவற்றால்தான் சரியாக மூடுவதில்லை.
குடிநீர் எங்கிருந்து?
மூலையிலிருந்த மஞ்சள் கேனைக்
காலால் தள்ளிக் காட்டினாள்.
பென்சில் முனை உடைந்தது.
அவர் வீட்டுக் கத்தியிலேயே சீவிக்கொண்டேன்.

இந்த வீட்டில்: இரண்டு.

ஆயிரத்து எழுநூறு பேர் ஊரில் இருந்தும்
அன்றைக்குப் பிணத்தைத் தூக்க ஆளில்லை.
சட்டம்.
ஜன்னல்கள் வழியே மேட்டைப் பார்த்தார்கள்.
யாரோ ஒரு ஜன்னலில் ஆரம்பித்த ஒப்பாரியை
அடுத்த வீடு வாங்கிக்கொண்டது,
அதற்கடுத்த வீடும்.
சாயந்தரம்வரை அது தெருவில் நடந்தது,
பச்சை அட்டை இல்லாமல்.

மறுநாள் பஸ்கள் ஹாரன் அடித்தன.
ஒருவரும் ஏறவில்லை.
டெல்ஃபினை முன்பின் பார்த்திராத இளசுகள்
வெள்ளை ஷூக்களோடு கல்லறைக்கு ஏறி,
மூச்சு வாங்கி, பாதியில் உட்கார்ந்து,
மறுபடி ஏறினார்கள்.
மதியம் இரண்டு மணிக்கு ஊர்
இருநூற்றுப் பத்து.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
அடுத்த எண்ணிக்கைவரை டெல்ஃபின் தலைக்கு வரும் பணத்தில்
அறுபத்திரண்டு மீட்டர் குழாய் வாங்கலாம்.
தொட்டியிலிருந்து அவர் வாசல்
முந்நூற்று நாற்பது.

சாட்டுர்னினா பதினைந்தாவதைக் கொண்டுவந்தாள்.
தலையணைக்கு அடியில் இருந்ததாம்.
தேதி இல்லை.
கணக்கெடுப்பு நாளின் தேதியைப் போட்டு
'பெறப்பட்டது' என்று குத்தினேன்.
இறந்தவர் மனுச் செய்ய முடியாதே என்றார் மேயர்.
அந்தத் தேதியில் இருந்தார் ஐயா,
அரசாங்கமே எண்ணியிருக்கிறது என்றேன்.

மனுவை இழுப்பறையில் வைக்கவில்லை.
மேஜைமேல் இருக்கிறது,
காற்றுக்குப் பறக்காமல்
முத்திரையைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறேன்.